இசக்கி தூங்குவதற்கு ஒரு கூரை

மறைமலை நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் ஒரு வாரமாக ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொண்டிருக்கிறார். காலையில் வேலையாட்கள் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தால் போதும், வெள்ளைத் தூள் படிக்கட்டு வழியாக நிதானமாக இறங்கி வந்து என் பைக் சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். கறுப்புப் பேண்ட் போட்ட அன்றுதான் நான் துடைக்க மறப்பேன். ஆபீஸில் நான் நடந்து போனால் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். மாவு மில்லில் பார்ட் டைம் பார்க்கிறாயா என்று கூடக் கேட்டுவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் படியேறும்போது தூள் இல்லை, வாசனைதான் இருந்தது. சீலிங் போர்டுகளின் இணைப்பில் பூசுகிற வெள்ளைக் கலவையை அப்போதுதான் குழைத்திருக்கிறார்கள். தண்ணீரில் ஊறிய சாக்பீஸ் மாதிரி ஒரு வாசனை. மூக்கில் ஏறியதும் தும்மல் வந்தது. தும்மலோடு சேர்ந்து இசக்கியும் வந்துவிட்டான்.

இசக்கி யார் என்று சொல்வதற்கு முன்னால் நாங்கள் எங்கே இருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். தங்க அறை தேடினால் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எல்லா அறையிலும் ஆள். கடைசியில் ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் எனக்குக் கிடைத்தது ஒரு கார் ஷெட். ஏழுமலை அண்ணன் என்பவருடையது. அவருடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது, பணம் வந்தது, வீடு எழும்பியது. வீடு என்றால் பக்கத்தில் கார் ஷெட் இருக்க வேண்டுமல்லவா, அதுவும் எழும்பியது. டைல்ஸ் ஒட்டி முடித்தபோது கார் வாங்கப் பணம் இல்லை. "காரு வர்ற வரைக்கும் இருந்துக்கங்கப்பா" என்று ஷெட்டை எங்களுக்கு விட்டுவிட்டார்.

ஆக எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது. ஷட்டர். காலையில் பல் துலக்க அதைத் தூக்கினால் மளிகைக்கடை திறப்பது போலவே சத்தம் வரும். புதிதாகத் தெருவுக்கு வந்தவர்கள் ஓடிவந்து ஷாம்பு பாக்கெட் கேட்பார்கள். ஒரு தடவை கொடுத்தும் இருக்கிறேன், என்னுடையதை.

உள்ளே மூன்று பேர். நான், பாலா, இசக்கி. பாலாவுக்கு விழுப்புரம் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கண்ணில் படும் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன், வேலை முடிந்த பிறகு அதை இலவசமாகச் செய்வான். ஹோட்டலில் தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான். இசக்கி திருநெல்வேலிக்குத் தெற்கே. கார் கம்பெனி அசெம்பிளி லைனில் ஒப்பந்த ட்ரெய்னி. கார் அவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும். அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்து அடிப்பாகத்து போல்ட்டுகளை முடுக்க வேண்டும். ஒரு கார் போனால் அடுத்தது. "ஊருல எல்லாரும் காரை முன்னால இருந்து பாப்பான், நான் மட்டும் வயித்தத்தான் பாக்கேன்" என்பான்.

அவனுக்கு இருந்த ஒரே தொல்லை தூக்கம். ஷிஃப்ட் மாறி மாறி வரும், நைட் ஷிஃப்ட் வாரம் வந்தால் பகலில் தூங்கியாக வேண்டும். எங்கள் தலைக்கு மேல் இருந்ததோ தகரக் கூரை. சித்திரை மாதம். பத்து மணிக்கே தகரம் படபடவென்று விரிகிற சத்தம் கேட்கும். பதினொன்றுக்கு மேல் அந்த ஷெட்டுக்குள் அப்பளத்தை வைத்தால் பொரியும் என்று பாலா சொல்வான். இசக்கி என்னென்னவோ செய்து பார்த்தான். கூரையில் சாக்கை நனைத்துப் போட்டான், ஏரிக்கரை மர நிழலில் படுத்துப் பார்த்தான், எறும்பு விடவில்லை. ஒருநாள் கூட்டு ரோட்டில் இருந்த ஏடிஎம்முக்குள் போய், ஏசிக்கு அடியில் சுவரில் சாய்ந்து, மெஷினில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பவன் மாதிரியே நின்றபடி தூங்கியிருக்கிறான். வாட்ச்மேன் வந்து தோளைத் தட்டி, "தம்பி, பணம் இன்னும் வரலியா?" என்று கேட்டாராம்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அடுத்த வாரமே அவன் லைனில் நின்றபடி தூங்கிவிட்டான். கையில் மெஷின், மேலே கார், கண் மூடியிருக்கிறது. ஒரு கார் போல்ட் முடுக்காமல் அவனைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த ஆள் பார்த்துக் கத்தியதால் லைனை நிறுத்தினார்கள். லைனை நிறுத்துவது என்றால் அங்கே கொலைக் குற்றத்துக்குக் கொஞ்சம் கீழே. சூப்பர்வைசர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை கண் மூடினால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே என்று சொல்லிவிட்டார்.

"ஊருக்குப் போனா என்னல பண்ணுவ?" என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

"மாமா கடையில பொட்டலம் மடிக்கணும். சீரகத்துக்கு ஒரு மடிப்பு, கடுகுக்கு ஒரு மடிப்பு. நா ஐடிஐ படிச்சதுக்கு அதாம்ல கெடைக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த நைட் ஷிஃப்ட் வாரம் திங்கட்கிழமை ஆரம்பம் என்பதையும் சொன்னான்.

இந்த இடத்தில்தான் நான் நுழைகிறேன். அந்த வயதில் எனக்கு ஒரு நோய் இருந்தது, இப்போதும் முழுதாகக் குணமாகவில்லை. எதையாவது ஒரு வீடியோவில் பார்த்துவிட்டால் அது எனக்குத் தெரியும் என்று தோன்றிவிடும். அப்படி கிட்டார் தெரியும், காளான் வளர்ப்பு தெரியும், ஒரு மாதம் ஜப்பானிய மொழி தெரியும். எங்கள் கம்பெனியில் அப்போது மீட்டிங் ரூமுக்கு ஜிப்சம் போர்டு வைத்து சீலிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரூமுக்கு மேலேயும் தகரம்தான், ஆனால் சீலிங் மூடிய மறுநாள் உள்ளே போனால் குளுகுளுவென்று இருந்தது. டீ நேரத்தில் நான் அங்கேயே நின்று பார்ப்பேன். ஓரம் உடைந்த போர்டுகளும், மிச்சமான தகரச் சட்டங்களும் ஒரு மூலையில் கிடந்தன. கான்ட்ராக்டரிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போப்பா, எடம் காலியானா சரி" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு குட்டி யானை வண்டியில் எல்லாம் தெருவுக்குள் வந்து இறங்கியது. ஏழுமலை அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாப்பா பண்ணிகினு கீறீங்க?"

"சீலிங் போடுறோம்ணா. உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது."

"அது சரி. நாளிக்கி என் காரு வந்துச்சுன்னா மேல முட்டாதா?"

"எந்தக் காருண்ணா வாங்கப் போறீங்க?" என்றான் பாலா.

"அது இன்னும் முடிவு பண்ணல. ஆனா பெருசு. மேல கேரியர் வச்சிகினு திருப்பதி போற மாதிரி."

"கேரியர்ல எத்தன பெட்டி வெப்பீங்க?" பாலா முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டான். குவாலிட்டியில் இருப்பவர்களுக்கு அந்த முகம் இயல்பாக வரும்.

அண்ணன் உண்மையாகவே யோசித்தார். "ரெண்டு. பசங்க துணி வேற கீது. மூணுன்னே வச்சிக்க." ஸ்டூல் மேல் ஏறி நின்று கையை உயர்த்திக் காட்டினார். அந்தக் கை எட்டிய இடத்துக்கு மேலே பாலா பென்சிலால் கோடு போட்டான். பிறக்காத ஒரு காரின் தலைமேல் இருக்கப்போகும் மூன்று பெட்டிகள்தான் எங்கள் சீலிங்கின் உயரத்தைத் தீர்மானித்தன.

தகரச் சட்டங்களைச் சுவரிலும் குறுக்கிலும் மாட்ட அன்று சாயங்காலம் ஆனது. தெருக்கோடி எலக்ட்ரீஷியனிடம் டிரில்லிங் மெஷின் இரவல். ஞாயிறு காலை போர்டு ஏற்றினோம். போர்டைத் தூக்கி மேலே ஒட்டிப் பிடிக்க ஆள் வேண்டும், முடுக்க இன்னொரு ஆள் வேண்டும். இசக்கி கம்பெனி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். போர்டின் நடுவைத் தன் தலையாலேயே தாங்கிக்கொண்டான். "கை ரெண்டும் சும்மா இருக்குல்லா, மெஷினக் குடுல" என்றான். அண்ணாந்து பார்த்து முடுக்குவது அவனுக்குத் தாலாட்டு மாதிரி. நாங்கள் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு கழுத்து சுளுக்கிக் கிடந்தபோது, அவன் மெஷின் டர்ர்ர் என்று ஓடி டக்கென்று நிற்கும், அடுத்தது டர்ர்ர், டக். பார்க்கவே அழகாக இருந்தது.

அவன் முடுக்க முடுக்கப் பின்னாலேயே பாலா ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தான். கார் கம்பெனிப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். போல்ட் இறுகியதா என்று பார்த்தவன் அதன் மேல் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இல்லாத போல்ட் அடுத்த ஆளைத் தாண்டாது. ஒரு போல்ட் லூஸாகப் போனால் அந்தக் கார் ரோட்டில் என்ன ஆகும் என்று பயிற்சியின் முதல் நாளே பயமுறுத்தியிருப்பார்கள். ஆகவே எங்கள் ஷெட்டில் ஒரு ஸ்க்ரூகூட லூஸ் கிடையாது. சந்தேகம் வந்ததை பாலா இன்னொரு சுற்று முடுக்கச் சொன்னான்.

மத்தியானம் பிரியாணி வாங்கிவந்து சாப்பிட்டோம். அப்புறம் மூன்று பேரும் பாயில் மல்லாந்து படுத்து எங்கள் சீலிங்கை நாங்களே ரசித்துக்கொண்டிருந்தோம். வெள்ளை வெளேரென்ற பரப்பு, வரிசையாக மஞ்சள் பொட்டு. நான் அடுத்ததாகச் சுவரில் என்ன செய்யலாம் என்று ஆரம்பித்திருந்தேன். அப்போது காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முகத்தில் கொஞ்சம் தூள் விழுந்தது. "லேய், உருளு" என்று இசக்கி இரண்டு பேரையும் ஷட்டர் பக்கம் தள்ளினான். நடுப்போர்டு ஒரு மூலையில் தொங்கி, யோசித்து, அப்படியே மொத்தமாக அவன் பாயில் வந்து படுத்துக்கொண்டது.

"இன்னாப்பா சத்தம்?" என்று வீட்டுக்குள்ளிருந்து தனலட்சுமி அக்கா, ஏழுமலை அண்ணன் மனைவி.

"ஒண்ணுமில்லக்கா. பெட்டி விழுந்துச்சு" என்றேன்.

தூள் அடங்கியதும் அண்ணாந்து பார்த்தோம். போர்டு போன இடத்தில் தகரச் சட்டம் அப்படியே இருந்தது. சட்டத்தில் ஸ்க்ரூக்கள் அணிவகுப்பு மாதிரி நேராக நின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பொட்டு. பாலா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான்.

"ஒண்ணுகூட லூஸ் இல்ல. என் பக்கம் எல்லாம் ஓகே."

"ஸ்க்ரூ ஓகேதாம்ல. போர்டு எங்க?" என்றான் இசக்கி.

விழுந்த போர்டைத் திருப்பிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஜிப்சம் போர்டு என்பது இரண்டு கெட்டிக் காகிதத்துக்கு நடுவில் இருக்கிற சுண்ணாம்பு மாதிரியான மாவு, அவ்வளவுதான். அதைத் தாங்குவது காகிதம். ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக அமுக்கி அதோடு நின்றுவிட வேண்டும். நாங்கள் கார் மாதிரி முடுக்கியதில் ஒவ்வொரு தலையும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மாவுக்குள் முங்கியிருந்தது. இன்னும் மேலே ஒட்டிக்கொண்டிருந்த போர்டுகளும் அதே கதைதான், அவற்றுக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

இசக்கி உடைந்த போர்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"போர்டு போனா போவுது. நாளைக்கு ராத்திரிலருந்து நா நிக்கணும்லா" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அது இன்னொரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, கிட்டாருக்கும் காளானுக்கும் அடுத்தது. அவனுக்கு அது சீரகப் பொட்டலத்துக்கும் இங்கே இருப்பதற்கும் நடுவில் இருக்கிற ஒரே ஒரு தடுப்பு.

சட்டத்தில் நின்ற ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, மிச்சம் இருந்த ஒரு போர்டைத் தூக்கினோம். மற்ற போர்டுகளிலும் பழைய ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் எல்லாம் புதுசாகப் போட வேண்டும், இந்தத் தடவை மெதுவாக. இசக்கி முயன்றான். டர்ர்ர், டக். காகிதம் போச்சு. மறுபடியும் டக்.

"கை நிக்க மாட்டேங்கு மக்கா. லூஸா விட்டா ஒடம்பெல்லாம் கூசுது."

பாலா வாங்கிப் பார்த்தான். அவன் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, மனசு கேட்காமல் இன்னொரு கால் சுற்றுச் சுற்றினான். அதுவும் போச்சு. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்டோர்ஸ். நான் மாற்றிய குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், நான் சரிசெய்த சைக்கிளில் ஹேண்டில் ஒரு பக்கம் போனால் சக்கரம் இன்னொரு பக்கம் போகும். இசக்கி மெஷினை என் கையில் வைத்தான்.

"நீ முடுக்குல. ஒன் கைக்குத்தான் எதுவும் இறுகாதே."

என் வாழ்க்கையில் என் கையாலாகாத்தனத்துக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது. நான் முடுக்க ஆரம்பித்தேன். ஸ்க்ரூ காகிதத்தைத் தொட்டு, ஒரு சின்னக் குழி விழுந்ததும் எனக்கே பயம் வந்து கையை எடுத்துவிடுவேன். அதுதான் சரியான இடம். ஒவ்வொன்றும் அப்படியே நின்றது. இசக்கி தலையால் தாங்கிக்கொண்டே, "போதும்ல, போதும்ல" என்று அதட்டிக்கொண்டிருந்தான். பாலா மட்டும் பெயின்ட் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இந்த லட்சணத்துக்கெல்லாம் நான் பொட்டு வைக்க மாட்டேன்" என்றான். கடைசிவரை வைக்கவில்லை. சாயங்காலம் போர்டு முழுவதும் ஏறியபோது, இசக்கி ஒவ்வொன்றையும் ஹெல்மெட்டால் முட்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன், காரணம் வயிற்றுப்போக்கு. இணைப்புகளில் டேப் ஒட்டி மேலே கலவை பூச வேண்டும். முதல் வாளியைக் குழைத்துவிட்டு, எப்படிப் பூசுவது என்று ஒரு வீடியோவைப் போட்டேன். வீடியோவுக்கு முன்னால் விளம்பரம், அதற்குப் பிறகு சொல்பவர் தன் சேனலைப் பற்றிப் பேசினார், நிமிர்ந்து பார்த்தால் கலவை வாளியோடு கல்லாகியிருந்தது. அந்த வாளியைத் தனலட்சுமி அக்கா வெகுநாள் துணி உலர்த்தும் கம்பத்துக்கு முட்டாக வைத்திருந்தார். இரண்டாவது வாளியை நானும் இசக்கியும் பேசாமல் பூசினோம். மத்தியானம் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தோம். தூள் ஷெட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கொடியில் கிடந்த புடவைகளில் போய்ப் படிந்தது.

"ஏம்பா, துவைச்சுக் காயப்போட்ட துணிக்கெல்லாம் பவுடர் அடிச்சிகினு கீறீங்களா?" என்றார் அக்கா. பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஐயே, நல்லாத்தான் கீது. எங்க வூட்டுக்குள்ளகூட இப்டி இல்ல."

அன்று சாயங்காலம் இசக்கி குளித்தும் போகாத வெள்ளைத் தலையோடு கம்பெனி பஸ் ஏறிப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கிளம்பும்போது அவன் வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். சேஃப்டி ஷூவைக் கழற்றி ஷட்டருக்கு வெளியே, தெருவைப் பார்த்த மாதிரி வைத்தான். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் பகலில் ஒரு வாசலில் சேஃப்டி ஷூ இருந்தால் உள்ளே நைட் ஷிஃப்ட் ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். யாரும் போட்ட சட்டம் இல்லை. காய்கறி வண்டிக்காரர் ஷூவைப் பார்த்தால் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போவார், ஷூ இல்லாத வாசல் வந்ததும் மறுபடி தக்காளி, வெங்காயம் என்று ஆரம்பிப்பார். பந்து விளையாடும் பிள்ளைகள் தெருவின் அந்தக் கோடிக்குப் போவார்கள். தகரத்தின் சூட்டுக்கு அந்த மரியாதை தெரியாததுதான் பிரச்சினையாக இருந்தது.

சாயங்காலம் நான் திரும்பியபோது ஷூ அதே இடத்தில் இருந்தது. ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வாய் திறந்து, ஒரு கை பாய்க்கு வெளியே கிடக்க, அப்படி ஒரு தூக்கம். உள்ளே மீட்டிங் ரூம் மாதிரிக் குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன், வேர்வை இல்லை, அது போதும். பாலாவும் வந்துவிட்டான். நாங்கள் வெளியே தரையில் உட்கார்ந்தோம். அக்கா டீ கொண்டுவந்தார். ஏழுமலை அண்ணன் கூட, குரலை எங்கோ தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, "எத்தினி நேரமா தூங்குறான்?" என்றார்.

"காலைல படுத்ததுண்ணா."

"அடடா. கொழந்த மாதிரி கீறான்."

நான்கு பேரும் ஏதோ கும்பாபிஷேகம் முடித்தவர்கள் மாதிரி கிசுகிசுவென்று பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருட்ட ஆரம்பித்தது. அக்காதான் கேட்டார், "அது செரி, அந்தப் புள்ளைக்கி வண்டி எத்தினி மணிக்கி?"

பஸ் ஏழு மணிக்கு. கூட்டு ரோட்டில். மணி ஏழாகப் போகிறது.

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. ஷட்டர் முழுச் சத்தத்தோடு மேலே போனது. இசக்கி எழவில்லை. பாலா உலுக்கினான், நான் தண்ணீர் தெளித்தேன், அக்கா ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினார். "கார் வந்துருச்சா?" என்று கேட்டபடி இசக்கி இரண்டு கையையும் மேலே தூக்கினான், முடுக்குவதற்கு. என் சட்டையை மாட்டி, ஷூவைக் கையில் கொடுத்து, ஏழுமலை அண்ணன் பைக்கில் தூக்கி வைத்தோம். கூட்டு ரோட்டில் பஸ் போய்விட்டது. அண்ணன் விடவில்லை. லுங்கியோடு பஸ்ஸைத் துரத்தி, அடுத்த நிறுத்தத்தில் குறுக்கே வண்டியை நிறுத்தி, "ஒரு ஆளு பாக்கி கீதுபா" என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை இசக்கி வந்து சொன்னான். லைனில் சூப்பர்வைசர் அவன் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தாராம். "என்னடா மூஞ்சி உப்பியிருக்கு, தண்ணி போட்டியா?"

"தூங்குனேன் சார்னு சொன்னேன் மக்கா. அந்தாளு நம்பல. ஊதச் சொன்னாரு." சொல்லிவிட்டு ஷூவை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். ட்ரெய்னிக் காலம் முடிகிற வரைக்கும் அவனுக்கு இரண்டாவது எச்சரிக்கை வரவே இல்லை. இன்றைக்கு குஜராத்தில் ஒரு பிளான்ட்டில், காரின் வயிற்றுக்கு அடியில் எப்படி நிற்க வேண்டும் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

மேல்வீட்டுத் தூள் கிளப்பிய ஞாபகத்தில் இன்று அந்தத் தெருவுக்குப் போய்வந்தேன். ஷெட்டில் இப்போது உண்மையாகவே கார் நிற்கிறது. சீலிங் அப்படியே இருக்கிறது, இணைப்புகளில் மெல்லிய கோடு மட்டும் தெரிகிறது, தேய்த்தது போதவில்லை. ஏழுமலை அண்ணன் வீட்டில் இல்லை. அக்கா மட்டும் இருந்தார். "பசங்க யாரும் இங்க தங்குறதில்லப்பா. அந்தாண்ட கம்பெனியே பெரிய ஹாஸ்டல் கட்டிச்சு, பஸ்ஸு அங்கியே வந்து ஏத்திகினு போது" என்றார். தெருவில் பார்த்தேன். எல்லா வாசலிலும் செருப்புதான்.

நான் டீ குடித்துக்கொண்டு நின்றபோது காய்கறி வண்டி ஒன்று வந்தது. ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரு வாசலிலும் அணையாமல் போனது.